கியோட்டோல ஸ்கூல் பசங்களுக்கு டீ செரிமனி கிளாஸ், போய்ட்டு வந்தோம்

பொண்ணு நாலாவது படிக்கிறா, லீவுல சும்மா இருக்காளேன்னு கியோட்டோல ஸ்கூல் பசங்களுக்கு நடத்துற ஒரு சாதோ கிளாஸ்ல சேத்துவிட்டேன், சாதோன்னா டீ செரிமனிதான். மூணு நாள், 6,000 யென். முதல் நாள் பூரா மட்சா, அதான் அந்த பச்சை டீத்தூள், டப்பாவையே தொறக்கல. எப்படி குனிஞ்சு வணக்கம் சொல்றது, தாதாமி பாயோட துணி பார்டரை மிதிக்காம எப்படி நடக்கறது, இதேதான் ஒன்றரை மணி நேரம். காசு குடுத்து நடக்க கத்துக்கணுமான்னு கடுப்பாயிடுச்சு.

ரெண்டாவது நாள்தான் வெளங்குச்சு, டீ போடறத விட விருந்தாளியா இருக்கறதுக்குதான் இங்க பயிற்சி ஜாஸ்தி. ஸ்வீட்ட முதல்லயே சாப்ட்டுடணும், மட்சால சர்க்கரை கெடையாதில்ல. கிண்ணம் வந்ததும் மடக்குன்னு குடிச்சிடக்கூடாது, பக்கத்துல இருக்க பிள்ளைகிட்ட "ஒசாகினி" சொல்லணும், உனக்கு முன்னாடி நான் குடிச்சுக்கறேன்னு அர்த்தம். அப்பறம் இடது உள்ளங்கைல வச்சு லேசா திருப்பணும், கிண்ணத்தோட அழகான பக்கம் நம்மளப் பாத்து வைக்கறாங்க, அதுலயே வாய் வைக்கக்கூடாதாம். எம்பொண்ணு வீட்டுப் பழக்கத்துல அண்ணாந்து ஊத்திக்கப் பாத்தா, சென்செய், அதான் டீச்சர், பதறிட்டாங்க! கடைசி வாய மட்டும் சர்ருன்னு சத்தமா உறியணும், குடிச்சு முடிச்சாச்சுன்னு அடையாளம். இந்த ஒரு ரூல் மட்டும் எல்லா பசங்களும் ஒரே தடவைல பிடிச்சுக்கிட்டாங்க.

மூணாவது நாள் நெஜமான டீ ரூம். நிஜிரிகுச்சின்னு ஒரு குட்டி வாசல், 66 செ.மீ. உயரம் இருந்தா பெருசு, 16ம் நூற்றாண்டுல சென் நோ ரிக்யூங்கற டீ செரிமனி குரு காலத்துல வந்த பழக்கம், சாமுராயே ஆனாலும் கத்திய வெளிய வச்சுட்டு தவழ்ந்துதான் வரணும். பசங்களுக்கு ஜாலி, என் முட்டிதான் போச்சு.

குறைன்னு பாத்தா 14 பசங்களுக்கு ரெண்டே சென்செய், அதனால ஆளுக்கு ஒரு தடவதான் மட்சா அடிச்சு நுரை வரவைக்க விட்டாங்க, நுரை அடிக்கிற மூங்கில் பிரஷ், அதான் சாசென், அதுவும் பாதி பல்லு ஒடஞ்சது. சேய்சா போட்டு, அதான் குதிகால் மேல மண்டி போட்டு, 40 நிமிஷம் உக்கார வச்சது ரொம்ப ஓவர், சம்மணத்துக்கு பழகின எம்பொண்ணுக்கு கால் மரத்துப்போய் எந்திரிக்கும்போது பொத்துன்னு உக்காந்துட்டா. விளக்கம் பூரா ஜப்பானீஸ்தான், அது தெரியாத பசங்களுக்கு கஷ்டம்.

மத்தபடி தாராளமா சேக்கலாம். வெள்ளை சாக்ஸ் எக்ஸ்ட்ரா ஒரு ஜோடி எடுத்துட்டு போங்க. கிண்ணத்துல கீறல் விழும்னு வாட்ச், மோதிரம், வளையல் எல்லாம் கழட்டச் சொல்லுவாங்க, எங்காளுக்கு கண்ணாடி வளையல் கழட்டவே கால் மணி நேரம் ஆச்சு, மொத்த கிளாஸும் வெயிட்டிங்.