தேக்குத் தண்டால் கட்டை: எந்தப் பயிற்சிக்கு ஆகும், எதற்கு ஆகாது

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளின் தூண், நிலை, கதவு எல்லாம் அங்கே வந்து சேரும். அந்தப் பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் தச்சுப் பட்டறையில், மிஞ்சுகிற பர்மா தேக்குத் துண்டுகளில் தண்டால் கட்டை செய்து தருகிறார்கள். ஜோடி 950 ரூபாய். பள்ளத்தூர்ப் பக்கம் சாயங்காலத்தில் கபடிப் பையன்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். அவர்களுக்காக வாங்கினேன்.

அடிப்பலகை ஓர் அடி நீளம். அதன் மேல் இரண்டு குட்டிக் கால்கள், நடுவே கடைசலில் உருட்டிய கைப்பிடி. ஆணி எங்கேயும் இல்லை. கைப்பிடியின் முனைகளைத் துளைக்குள் இறக்கி ஆப்பு வைத்து இறுக்கியிருக்கிறார் பட்டறை ஆசாரி. எங்கள் குழுவிலேயே கனமான பையன் ஒரே கட்டையில் முழுப் பாரத்தையும் போட்டுச் சாய்ந்தான். ஒரு முனகல் சத்தம்கூட வரவில்லை. இதற்கு முன் வைத்திருந்த பிளாஸ்டிக் கைப்பிடிகள் பாரம் ஒருபக்கம் சாய்ந்தாலே வளையும்.

"தேக்குல எண்ணெய்ப்பசை தானாவே இருக்கு சார், வேர்வை பட்டா ஊறாது" என்றார் ஆசாரி. அது உண்மை. ஆனால் அவர் மாதிரிக்கு வைத்திருந்த ஜோடியில் பளபளவென்று வார்னிஷ் அடித்திருந்தார். வேர்வைக் கையில் அது வழுக்கும். "கைப்பிடிக்கு மட்டும் வார்னிஷ் வேண்டாம்ணே, உப்புத்தாள் போட்டு விட்டுடுங்க" என்று சொன்னேன், அப்படியே செய்து தந்தார். வாங்குகிறவர்கள் இதை மறக்காமல் சொல்லுங்கள்.

இந்தக் கட்டை எதற்கு என்பதுதான் முக்கியமான கேள்வி. பையன்களிடம் கட்டையைக் கொடுத்ததும் எல்லோருக்கும் ஒரே ஆசை: எழும்பிக் கைதட்டி மறுபடி கட்டையைப் பிடிக்க வேண்டும். அதை முதல் நாளே தடுத்துவிட்டேன். கைதட்டும் தண்டாலில் உடம்பு கீழே வரும்போது உள்ளங்கை முழுவதும் தரையில் பதிய வேண்டும். விரல்களும் மணிக்கட்டும் முழங்கையும் சேர்ந்து அந்த அடியை வாங்க வேண்டும். உருண்டையான கைப்பிடி மேல் அப்படி விழுந்தால் ஒரு விரல் அகலம் தவறினாலும் மணிக்கட்டு மடங்கும், கட்டையும் கவிழும். வேகத் தண்டாலுக்கு இந்தக் கட்டை ஆகாது. எந்தக் கட்டையும் ஆகாது என்பது என் கருத்து.

கனமான, கடினமான தண்டால்களுக்கு இதைவிட நல்ல சாமான் நான் பார்த்ததில்லை. தரையில் எடுத்தால் நெஞ்சு தரையில் முட்டியதும் அசைவு முடிந்துவிடும். கட்டையில் நெஞ்சு கை மட்டத்துக்கும் கீழே இறங்கும். மணிக்கட்டும் நேராக நிற்கும். ஒரு கையை மடக்கி மறு கையைப் பக்கவாட்டில் நீட்டி எடுக்கும் வில் தண்டாலுக்கு, நீட்டிய கையின் கீழ் ஒரு கட்டையைக் கொடுத்தால் பாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிய கையின் பக்கம் மாற்றிப் பழகலாம். அப்புறம் ஒரு கைத் தண்டாலுக்குப் போவது எளிது. தோள்வலி உள்ளவர்கள் மட்டும் ஆழமாக இறங்க வேண்டாம்.

பையன்கள் விடாமல் கேட்டார்கள்: "வேகமா எடுத்தாதானே சார் பவர் வரும், இதை ஏன் மெதுவா எடுக்கணும்?" நியாயமான கேள்வி. பவர் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கினால் வருவது. சாதாரணத் தண்டாலில் உடல் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு கைகளில் இருக்கும். 60 கிலோ பையனுக்கு அது 40 கிலோ. அந்த 40 கிலோவைத் தள்ளவே திணறுகிறவன் கைதட்ட முயன்றால் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்புவான், இடுப்பு தொங்கும், முழங்கை விரியும். அவனுக்கு முதலில் விசை வேண்டும். 20 தண்டால் சுத்தமாக எடுப்பவன் இன்னும் 20 சேர்த்தால் தாக்குப்பிடிக்கும் திறன்தான் வளரும். அவனுக்குப் பாரத்தைக் கூட்ட வேண்டும். காலை இரண்டடி உயரத் திண்ணையில் வைத்தால் கைகளில் வரும் பங்கு முக்கால்வாசிக்குப் போய்விடும். வில் தண்டாலில் கைகளில் வரும் பாரத்தில் பெரும்பகுதி ஒரே கைக்குப் போகும்.

இதில் எல்லோரும் குழப்பிக்கொள்ளும் விஷயம் ஒன்று உண்டு. லேசான தண்டாலை வேண்டுமென்றே பத்து வினாடிக்கு இழுப்பது வேறு, பாரம் கூடியதால் தானாக மெதுவாவது வேறு. நான் சொல்வது இரண்டாவதை. கீழே இறங்கும்போது மூன்று நாலு வினாடி எடுத்துக்கொள்ளட்டும். மேலே வரும்போது முடிந்த மட்டும் வேகமாகத் தள்ள வேண்டும். பார்ப்பவருக்கு அது மெதுவாகத்தான் தெரியும். டேவிட் பெஹ்ம், டிக்பி சேல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1993இல் இதைக் கணுக்காலில் சோதித்தார்கள். ஒரு காலை அசையாமல் பிடித்துவைத்து, வேகமாக இழுக்க முயலச் சொன்னார்கள். மறு காலை நிஜமாகவே வேகமாக அசைக்கச் சொன்னார்கள். இரண்டு காலிலும் வேகத்தில் கிடைத்த முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வேகமாகத் தள்ள வேண்டும் என்ற முயற்சியே நரம்பைப் பழக்குகிறது. இதைச் சொன்ன பிறகு பையன்கள் கட்டையில் தள்ளும் விதமே மாறியது.

அப்படியானால் கைதட்டும் தண்டால் எதற்கு என்றால், கபடிக்குக் கட்டாயம் வேண்டும். தசை தன் முழு விசையையும் எட்ட 0.3 வினாடிக்கு மேல் ஆகும். பாடிப் போகிறவனைப் பிடிப்பவன் மோதித் தள்ளும் நேரம் அதைவிடக் குறைவு. இருக்கும் பலத்தைச் சட்டென்று வெளியே எடுக்கப் பழக வேண்டும். கனமான தண்டாலில் கை நீள நீள, முடிவில் வேகம் குறைந்தே ஆக வேண்டும். கைதட்டும் தண்டாலில் கை தரையை விட்டுப் போவதால் கடைசி வரை வேகம் பிடித்துத் தள்ளலாம். இறங்கிய கையோடு நிற்காமல் எழும்பினால் தசைநாரில் இழுபட்ட விசையும் கூடவே உதவும்.

அதனால் எங்கள் மைதானத்தில் வரிசை இதுதான். உடம்பைச் சூடேற்றிய பிறகு முதலில் வேகத் தண்டால், வெறும் மண் தரையில். ஒரு செட்டுக்கு மூன்று முதல் ஐந்து, இடையில் இரண்டு மூன்று நிமிடம் ஓய்வு. எழும்பும் உயரம் குறைந்தால் அன்றைக்கு அதோடு நிறுத்தம். களைத்த உடம்போடு இதைச் செய்தால் வேகம் பழகாது, மணிக்கட்டுதான் அடி வாங்கும். புதுப் பையன்கள் திண்ணை விளிம்பில் கை வைத்து எழும்பட்டும். அதில் உடல் எடையில் பாதிக்கும் குறைவாகத்தான் கையில் வரும். அப்புறம்தான் கட்டை. வாரத்தில் இரண்டு நாள் போதும்.

வீட்டில் ஆத்தங்குடித் தரை இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் வார்த்துச் செய்வதால் முகம் வழவழவென்று இருக்கும். வேர்வை சொட்டினால் வெறும் மரக்கட்டை நகர்ந்துவிடும். பட்டறையில் அடியில் ரப்பர் ஒட்டித் தருவதில்லை. 950 ரூபாய் வாங்குகிறவர்கள் அதைச் செய்து தந்திருக்க வேண்டும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி நானே ஒட்டிக்கொண்டேன். இப்போது அசைவதில்லை.

இன்னொரு குறை, கைப்பிடி தடிமன். பெரியவர் கைக்கு அருமையாகப் பொருந்துகிறது. பதிமூன்று பதினாலு வயதுப் பையன்களின் விரல் சுற்றி வருவதில்லை, பிடி தளர்கிறது. அடுத்த ஜோடியின் கைப்பிடியை ஒன்றேகால் அங்குலத்துக்குக் கடையச் சொல்லியிருக்கிறேன், அதே விலைக்குத் தருவதாகச் சொன்னார். பாதிப் பணம் முன்பணமாகக் கேட்பார், தயாராக இரண்டு வாரம் வரை ஆகும். போனில் அளவு சொன்னால் எடுத்துக்கொள்வதில்லை. நேரில் போய்க் கையைக் காட்டினால், உள்ளங்கையை நூலால் அளந்து குறித்துக்கொள்கிறார்.