தகவல் கட்டமைப்பு: கணினித் துறையில் படிப்பிப்பதா, நூலகத் துறையிலா?

கொழும்பில் ஒரு தனியார் கல்வி நிறுவனத்தில் மென்பொருள் மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். தகவல் கட்டமைப்பை, அதாவது ஒரு தளத்தில் உள்ள விசயங்களைத் தேடுகிறவருக்குக் கிடைக்கும்படி வகுத்து அடுக்கும் வேலையை (information architecture), ஒரு விருப்பப் பாடமாகத் தொடங்கச் சொன்னபோது, என்ன படிப்பிப்பது என்பதற்கு முன்னால் எந்தத் துறையின் கீழ் போடுவது என்ற கேள்விதான் மேசைக்கு வந்தது. மனிதர்–கணினி ஊடாட்டப் பாடத்தின் தொடர்ச்சியாக வைக்கலாம். நூலகத் தகவல் விஞ்ஞானத்திடம் பாடத்திட்டத்தை இரவல் வாங்கலாம். வடிவமைப்புக்காரரிடம் கொடுத்துவிடலாம். நான் நூலகப் பக்கத்தைப் பிடித்தேன். ஆகையால் இதை நடுநிலையான அலசல் என்று நினைத்து வாசிக்க வேண்டாம்.

இது தனித் துறைதானா என்ற சண்டை பழையது. 1976இல் அமெரிக்கக் கட்டடக் கலைஞர்களின் தேசிய மாநாட்டில் ரிச்சர்ட் சோல் வர்மன் இந்தப் பெயரை மேடையேற்றினார். அவர் கட்டடக் கலைஞர். சிக்கலான தகவலைப் பார்த்தவுடன் விளங்கும்படி காட்டுவதுதான் அவருக்கு முக்கியம். 1998இல் லூயிஸ் ரோசன்ஃபெல்டும் பீட்டர் மோர்வில்லும் இணையத்தளங்களுக்கான தகவல் கட்டமைப்பு பற்றிப் பனிக்கரடி அட்டை போட்ட புத்தகத்தை எழுதியபோது கதை மாறியது. இருவரும் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் நூலக விஞ்ஞானம் படித்தவர்கள். அவர்கள் கையில் அதே பெயர் நான்கு வேலைகளாகப் பிரிந்தது: உள்ளடக்கத்தை ஒழுங்குபடுத்துவது, தலைப்பிடுவது, வழிகாட்டுவது, தேட வைப்பது. 2001இல் அமெரிக்காவின் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகம் இதில் முதுமாணிப் படிப்பே தொடங்கியது. பின்னாளில் அது பயனர் அனுபவ வடிவமைப்பு என்று பெயர் மாறிக்கொண்டது. 2009இல் பயனர் அனுபவ வடிவமைப்பாளர் ஜெசி ஜேம்ஸ் கேரட், தகவல் கட்டமைப்பாளர் என்று யாருமில்லை, எல்லோரும் பயனர் அனுபவ வடிவமைப்பாளர்களே என்று துறைக்காரரின் மாநாட்டிலேயே சொன்னார். துறையின் சர்வதேசச் சங்கம் 2019இல் கலைக்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும் வரைவிலக்கணம் தேடி முதல் இரண்டு வகுப்புகளைக் கரைக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. பாடம் எந்தத் துறையில் போய் உட்காருகிறதோ, அந்தத் துறையின் பரீட்சைத்தாளே வரைவிலக்கணத்தை எழுதிவிடும்.

கணினிப் பக்கத்தின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆய்வுகூடம் உண்டு, மாணவர் உண்டு, வேலைவாய்ப்பு விளம்பரத்தில் வருகிற சொற்கள் உண்டு. ரீட் அவெனியூவில் உள்ள கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரி போன்ற இடங்களில் படிப்பவர்களுக்குத் தரவுத்தளமும் இடைமுகமும் ஏற்கெனவே கைவசம். இன்னொன்றையும் சொல்லாவிட்டால் அநியாயம். ஊர்ப் பெயர்களைத் தமிழில் வரிசைப்படுத்தச் சொன்னால், அகராதி ஒழுங்கில் ‘ட்’ முதலில், ‘ட’ பிறகு என்பதால் வட்டவளை முதலில், வடமராட்சி பிறகு. கணினியில் ஒவ்வொரு எழுத்துக்கும் குறிக்கும் கொடுத்திருக்கிற யூனிகோட் எண்களை மட்டும் நம்புகிற நிரல் இதைத் தலைகீழாக்கும், ஏனென்றால் அதில் மெய்யின் மேல் வைக்கும் புள்ளியின் எண் மெய்யெழுத்துகளுக்கெல்லாம் பின்னால் வருகிறது. நூலகக்காரர் இந்தப் பிழையை ஒரு பார்வையில் பிடிப்பார். தரவுத்தளத்தில் தமிழுக்கான வரிசை விதியைப் போட்டுச் சரிசெய்யக் கணினிக்காரர்தான் வேண்டும்.

அப்படியிருந்தும் நான் நூலகப் பக்கம் போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்று: பராமரிப்பு.

இலங்கை அரச சேவைகளுக்கு ஒரு தளம் கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் மனதில் வருகிற பட்டி (மெனு) அமைச்சு வாரியானது: அமைச்சு, அதன் கீழ் திணைக்களம், அதன் கீழ் சேவை. பார்க்க நேர்த்தியாக இருக்கும். ஆனால் இங்கே அமைச்சுகள் வர்த்தமானியில் பிறந்து வர்த்தமானியிலேயே இடம் மாறுகின்றன. ஒரு அமைச்சரவை மாற்றத்தில் திணைக்களம் இன்னொரு அமைச்சின் கீழ் போய்விடும், இரண்டு அமைச்சுகள் ஒன்றாகும், ஒன்று இரண்டாகும். அத்தனை இணைப்புகளையும், மூன்று மொழிகளிலும், யார் திருத்துவது? தளத்தைக் கட்டியவர் பில்லைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். சிங்களப் பக்கம் ஒரு மாதத்தில் சரியாகும், ஆங்கிலம் அதற்குப் பிறகு, தமிழ்ப் பக்கம் பழைய அமைச்சின் பெயரோடு அப்படியே நிற்கும். பார்க்காத தமிழர் யார்?

மனிதர்–கணினி ஊடாட்டப் பாடத்தில் மாணவர் ஒரு தவணையில் மாதிரித் தளம் செய்து, பயனரைக் கொண்டு சோதித்து, ஒப்படைத்துப் புள்ளி வாங்குகிறார். மூன்றாம் வருடத்தில் அந்தப் பட்டிக்கு என்ன ஆகும் என்ற கேள்வியே எழாது. நூலகத்தில் அந்தக் கேள்வியோடுதான் வேலை தொடங்குகிறது. இன்றைக்குப் போடுகிற வகுப்பெண்ணோடுதான் புத்தகம் அரை நூற்றாண்டு தட்டில் இருக்கப்போகிறது என்று தெரிந்து போடுகிறார்கள். புதிய தலைப்பு வந்தால் யார் அனுமதிப்பது, பழைய தலைப்பை நீக்காமல் எப்படிப் புதியதற்குத் திருப்பிவிடுவது, ஒரே பொருளுக்கு மூன்று பெயர் இருந்தால் எதை முதன்மையாக வைப்பது என்பதெல்லாம் அங்கே அன்றாடக் கடமை.

இந்த இடத்தில் சீர்காழியில் பிறந்த ஒரு தமிழரை வகுப்புக்குள் கொண்டுவந்துவிடுவேன். சீ. இரா. அரங்கநாதன் கணித விரிவுரையாளராக இருந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனவர். 1933இல் வெளியான அவருடைய கோலன் பகுப்பு முறை, எல்லாவற்றையும் ஒரே மரத்தின் கிளைகளாக அடுக்காமல், ஒரு பொருளைப் பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தது; ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து வகையாக அந்த முகங்களைப் பின்னாளில் வகுத்தார். இன்று இணையக் கடையில் விலை, நிறம், அளவு என்று வடிகட்டுகிறோமே, அதே யோசனைதான். அரச சேவைக்கும் அது பொருந்தும். என்ன ஆவணம், யாருக்கு, எந்தச் செயல், எந்தப் பிரதேச செயலகம் என்று முகங்களாகப் பிரித்துவிட்டால், அமைச்சு என்பது அவற்றோடு சேர்ந்த இன்னொரு முகம், அவ்வளவுதான். அமைச்சரவை மாறினால் ஒரு பட்டியலைத் திருத்தினால் போதும், மரம் முழுவதையும் பிடுங்கி நட வேண்டியதில்லை.

வகுப்பில் அட்டை பிரிக்கும் பயிற்சி செய்கிறோம். தொலைந்த அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ் பிரதி, கடவுச்சீட்டு, திருமணப் பதிவு, கிராம அலுவலர் சான்றிதழ், பொலிஸ் முறைப்பாடு என்று அட்டைகளைக் கொடுத்தால், பெரும்பாலானோர் முதலில் ஆட்பதிவுத் திணைக்களம், பதிவாளர் நாயகம், குடிவரவு என்று அலுவலக வாரியாகத்தான் குவிக்கிறார்கள். ஒரு தடவை ஒரு மாணவி பொலிஸ் முறைப்பாட்டு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கேயும் போடாமல் இருந்தாள்.

“சேர், இந்தக் காட்டை ரெண்டு இடத்திலயும் வைக்கலாமோ? அடையாள அட்டை துலைஞ்சாலும் வேணும், பாஸ்போட் துலைஞ்சாலும் வேணும்.”

“வையுங்கோ. ஆனா ஒரு இடத்திலதான் விசயம் முழுக்க இருக்கவேணும். மற்ற இடத்தில ‘இதையும் பார்க்க’ எண்டு மட்டும் எழுதுங்கோ.”

நூலக அட்டவணைக்காரர் மிகப் பழைய காலந்தொட்டு எழுதிவருகிற குறிப்பு அது. விசயத்தை இரண்டு இடத்தில் முழுதாக எழுதினால் கட்டணம் மாறும்போது ஒரு இடம் மட்டுமே திருத்தப்படும். அன்றைய வகுப்பில் அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

நூலகப் பக்கத்தின் குறைகளும் சின்னவை அல்ல. நூலக மாணவர்களுக்கென எழுதிய பாடத்தை அப்படியே கொண்டுவந்து போட்டால் மென்பொருள் மாணவர் தூங்கிவிடுவார். நூலகங்களில் புத்தகங்களுக்கு எண்ணிடும் தசாம்சப் பகுப்பின் எண்களை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண்; நான் அதை வெட்டிவிட்டேன். பயனரோடு உட்கார்ந்து சோதிக்கும் பழக்கத்தைக் கணினிப் பக்கத்திடமிருந்துதான் வாங்க வேண்டியிருந்தது. வேலை தேடும்போது ‘நூலகம்’ என்ற சொல் சான்றிதழில் இருந்தால் நேர்முகத்தில் புருவம் உயரும் என்று மாணவர்கள் பயந்தார்கள். ஆகவே பாடத்தின் பெயரில் அந்தச் சொல் இல்லை. உள்ளே முழுக்க அதுதான்.

வடிவமைப்பு வழியைப் பற்றி நான் அதிகம் பேசத் தகுதியில்லை. மொரட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடக் கலைப் பீடத்தில் வடிவமைப்புப் படித்த ஒருவரோடு ஒரு திட்டத்தில் வேலை செய்திருக்கிறேன். திரையில் எது முதலில் கண்ணில் படும் என்பதில் அவரிடம் நான் மாணவன். அதற்கு அப்பால் அந்த வழியில் படிப்பித்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்வது சரியல்ல. என் மாணவர்கள் ஏற்கெனவே நிரல் எழுதத் தெரிந்தவர்கள் என்பதையும் கணக்கில் எடுங்கள். அது தெரியாத பிள்ளைகளுக்கு நூலக வழி இதே பலனைத் தருமா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

தனியாகப் படிக்க விரும்புகிறவர்களுக்கு: கொழும்புப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே 1999இல் தொடங்கிய தேசிய நூலக, தகவல் விஞ்ஞான நிறுவனம் இருக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தில் இதற்கென ஒரு துறையே உண்டு. இலங்கை நூலகச் சங்கத்தின் டிப்ளோமா தமிழிலும் நடக்கிறது. கணினிப் பட்டங்களில் இந்த வசதி இல்லை, அங்கே எல்லாம் ஆங்கிலம். செலவில்லாமல் ருசி பார்க்க ‘நூலகம்’ என்ற பெயரிலுள்ள எண்ணிம நூலகத்தின் இணையத்தளத்தைத் திறந்து, ஒரு பழைய சஞ்சிகையைத் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று வெவ்வேறு வழிகளில் தேடிப் பாருங்கள். 2005 முதல் வளர்ந்துவருகிற ஒரு தமிழ்த் தொகுப்பை எப்படி ஒழுங்காக வைத்திருக்கிறார்கள் என்று அதன் பகுப்புப் பக்கங்களில் தெரியும்.

எங்கள் பாடத்தின் இறுதி மதிப்பீட்டில் மாணவர் தளம் கட்டுவதில்லை. முந்தைய தொகுதி மாணவர்கள் கட்டியதை எடுத்துக் கொடுத்து, ஒரு கற்பனை வர்த்தமானியையும் கையில் தந்து, மூன்று மொழிகளிலும் எத்தனை இடத்தில் கைவைக்க வேண்டும் என்று கேட்கிறேன். குறைந்த இடங்களில் திருத்தி முடிப்பவருக்குக் கூடிய புள்ளி.