கரண்ட் வைக்காத பிசியோதெரபி

பிசியோதெரபி என்றால் படுக்க வைத்து, ஒயர் ஒட்டி, கரண்ட் வைத்து, கொஞ்சம் சூடு கொடுத்து அனுப்புவார்கள் என்று நினைத்துப் போகிறவர்களுக்கு இந்த மையம் ஏமாற்றம்தான். விளையாடுகிற பிள்ளைகளுக்கென்றே நடத்துகிறார்கள். உள்ளே மெஷினைவிட மரப்பெட்டி, ரப்பர் பட்டை, டம்பெல் இவைதான் கண்ணில் படும். என் மகனுக்கு 13 வயது, கூடைப்பந்து ஆடுகிறான். முட்டிச்சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்துக்கொண்டு, குதித்து இறங்கும்போதெல்லாம் வலி. மண்டி போடவே முடியாது. அதற்காகப் போய்ச் சில மாதங்கள் தொடர்ந்து வந்த பிறகு இதை எழுதுகிறேன்.

முதல் நாள் பெரும்பகுதி கேள்விகளிலேயே போனது. நான் பதில் சொல்ல வாயெடுத்ததும் அந்தப் பெண் பிசியோ, "சார், தம்பியே சொல்லட்டும்" என்று நிறுத்திவிட்டார். படி ஏறும்போது வலிக்குமா, இறங்கும்போதா? ராத்திரி வலியில் தூக்கம் கலைகிறதா? காய்ச்சல் இருந்ததா? சமீபத்தில் பேண்ட் எல்லாம் குட்டையாகிவிட்டதா? கடைசிக் கேள்விக்கு அவன் சிரித்துவிட்டான், ஆனால் விஷயம் அதில்தான் இருந்தது. வலி முட்டியில் என்றாலும் இடுப்பு மூட்டையும் மடக்கித் திருப்பிப் பார்த்தார். ஏன் என்று கேட்டேன். இந்த வயதில் தொடை எலும்பின் தலைப்பகுதி இடுப்பருகே நழுவினால்கூடச் சில பிள்ளைகளுக்கு வலி முட்டியில்தான் தெரியும், அதைக் கவனிக்காமல் விட்டால் பெரிய பாதிப்பாகிவிடும் என்றார். முட்டி வலி என்று வருகிற வளரும் பிள்ளைக்கு இடுப்பைத் தொட்டுப் பார்க்காத இடத்தில் எனக்கு இனி நம்பிக்கை வராது.

அவனுக்கு இருந்தது ஆஸ்குட்-ஷ்லாட்டர். 1903-இல் அமெரிக்காவின் ராபர்ட் ஆஸ்குட், சுவிட்சர்லாந்தின் கார்ல் ஷ்லாட்டர் இருவரும் தனித்தனியே விவரித்ததால் இந்த இரட்டைப் பெயர். பேரைக் கேட்டு என் மனைவி பயந்தே போனாள். அவ்வளவு பயப்பட ஒன்றுமில்லை. தொடையின் முன்பக்கத் தசை சில்லைத் தாண்டி வந்து முன்னங்கால் எலும்பின் மேல்நுனியில் பிடித்துக்கொள்கிறது. பெரியவர்களுக்கு அந்த இடம் கெட்டி எலும்பு. வளர்கிற பிள்ளைக்கு அது இன்னும் முழுதாக எலும்பாகவில்லை, குருத்தெலும்பு மிச்சமிருக்கும். ஒவ்வொரு குதியலுக்கும் தசை அதை இழுக்கிறது, ஈரமண்ணில் அடித்த முளையை மாடு இழுக்கிற மாதிரி. மளமளவென்று உயரும் மாதங்களில் இது அதிகம். பெண் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னதாகவே வரும். வளர்ச்சி முடிந்து அந்த இடம் இறுகியதும் பெரும்பாலும் வலி தானே அடங்கிவிடும்.

"அப்போ அதுவரை விளையாட்டே கூடாதா?" என்று அவன்தான் கேட்டான், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. இதற்கு முன் பார்த்த ஒரு இடத்தில் முழு ஓய்வு என்று ஒற்றை வரியில் முடித்திருந்தார்கள். இங்கே ஒரு தாளை எடுத்துப் பள்ளி அணி, கிளப், உடற்பயிற்சி வகுப்பு என்று அவன் வாரத்தை எழுதிக் கூட்டினார்கள். மொத்த மணி நேரம் அவன் வயதைத் தாண்டியிருந்தது. வாரப் பயிற்சி மணி வயதின் எண்ணைத் தாண்டக் கூடாது, வாரத்தில் 2 நாளாவது ஓய்வு வேண்டும், ஒரே விளையாட்டை வருடத்தில் 8 மாதத்துக்கு மேல் ஆடக் கூடாது என்று அமெரிக்க வழிகாட்டுதல்கள் சொல்வதை விளக்கினார். கிளப்காரர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். கேட்கட்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது அந்தச் சின்ன நோட்டு. ஒவ்வொரு பயிற்சிக்கும் வலி 0-இலிருந்து 10-க்குள் எவ்வளவு என்று அவனே எழுத வேண்டும், மறுநாள் காலையில் மறுபடி. 3 வரை பரவாயில்லை, காலையில் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் முந்தைய நாள் செய்தது அதிகம். "லே-அப் 5, காலையில் படி 4, நாளைக்கு லே-அப் வேண்டாம்" என்று கோணல் எழுத்தில் அவனே எழுதியிருந்ததைப் பார்த்தேன். லே-அப் என்றால் ஓடிவந்து குதித்துக் கூடையில் பந்தைப் போடுவது. நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பானா, சந்தேகம்தான்.

பயிற்சிகள் எளிமையாகத்தான் ஆரம்பித்தன. மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது, சுவரில் முதுகைச் சாய்த்து நாற்காலி இல்லாமலே உட்கார்ந்திருப்பது. பார்க்கச் சுலபம். தொடை நடுங்க ஆரம்பித்ததும் பையன் கூரையையே முறைத்துக்கொண்டிருப்பான். பிறகு ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது), லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முட்டி மடக்கி இறங்குவது), ஒற்றைக்காலில் பெட்டியிலிருந்து இறங்குவது, கடைசியில்தான் குதிப்பது. ஆட்டத்துக்கு முழுதாக அனுப்பும் முன் ஒற்றைக்காலில் தாண்டச் சொல்லி டேப் வைத்து இரண்டு காலையும் அளந்தார்கள். வலியுள்ள கால் மற்றதில் 90 சதவீதமாவது எட்ட வேண்டும் என்று கணக்கு.

கோச்சுக்கும் ஒரு கடிதம் கொடுத்தார்கள். நின்றபடி போடும் ஃப்ரீ த்ரோ, பாஸ், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டு போகும் டிரிபிள் செய்யலாம். கூடையில் பட்டுத் திரும்பும் பந்தைத் தாவிப் பிடிக்கும் ரீபவுண்ட் பயிற்சியும் திரும்பத் திரும்பக் குதிப்பதும் இப்போதைக்கு வேண்டாம். பையன் பெஞ்சில் சும்மா உட்காராமல் அணியோடேயே இருந்தான். வலியை மறைத்து ஆடுகிற பிள்ளைகள் பலரும் மறைப்பது ஓரங்கட்டிவிடுவார்கள் என்ற பயத்தில்தானே?

சரி, குறைகள். நேரம் கொடுத்தாலும் காத்திருக்க வேண்டும், சனிக்கிழமை சொல்லவே வேண்டாம். தலைமை பிசியோ எல்லா முறையும் கிடைக்க மாட்டார். ஒரு நாள் புதிதாக வந்த உதவியாளர், குதிகாலைப் பின்பக்கம் ஒட்டும்படி இழுத்துத் தொடையை நீட்டச் சொல்லி, பையன் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். புடைப்பு நொந்திருக்கும்போது அப்படி இழுக்கக் கூடாது என்று பிறகு அவர்களே திருத்தினார்கள். முதலிலேயே அவருக்குச் சொல்லி வைத்திருக்கலாம். முன்மேசையில் முட்டிப் பட்டை வாங்கச் சொல்லி நச்சரிப்பார்கள். உள்ளே கேட்டால், கட்டினால் சிலருக்கு வலி குறையும், கட்டாயமில்லை என்பதே பதில். வாங்கினோம், பாதி நாள் பையிலேயே கிடந்தது. வீட்டுப் பயிற்சிக்குத் தரும் வீடியோக்கள் பெரியவர்கள் வேகத்தில் ஓடுகின்றன.

விழுந்த உடனே முட்டி வீங்கினாலோ, பூட்டிக்கொண்டு நீட்ட முடியாவிட்டாலோ, காலை ஊன்ற முடியாவிட்டாலோ இங்கே வராதீர்கள், முதலில் எலும்பு மருத்துவர். அவர்களே போனில் அப்படித்தான் சொல்லி அனுப்புகிறார்கள்.

இப்போது மேட்ச் ஆடுகிறான். புடைப்பு அப்படியே இருக்கிறது, வலி எப்போதாவது எட்டிப் பார்க்கும், தரையில் மண்டி போட்டால் இன்னும் முகம் சுளிப்பான். அது தங்கிவிடலாம் என்று முன்பே சொல்லிவிட்டார்கள். ஒரே வாரத்தில் சரியாக வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் ஒத்துவராது. போகிறவர்கள் வார நாளில் நேரம் கேளுங்கள், பிள்ளைக்கு அரை டிரவுசர் போட்டுக் கூட்டிப்போங்கள். அவன் வாரப் பயிற்சி அட்டவணையையும் ஒழுங்காக எழுதி எடுத்துப்போங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.