கூட்டத்துக்குள் ஓடக் கற்றுத்தரும் கோவை வார இறுதி வகுப்பு

பொள்ளாச்சிப் பக்கம் பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு) பாசன வாய்க்கால் கரையில் தனியாக ஓடிப் பழகும் எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மூச்சுக்குக் குறைவில்லை. ஆனால் 1500 மீட்டர் ஓட்டத்தில், வளைந்த தொடக்கக் கோட்டிலிருந்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் உள்ளோரத்து முதல் லேனை (தடத்தை) நோக்கிப் பாயும்போது, முழங்கை பட்ட மாத்திரத்தில் மிரண்டு கடைசிக்குப் போய்விடுகிறார்கள். உடற்கல்வி ஆசிரியராகிய நான் அவர்களைக் கோவையில் செயற்கை ஓடுதளத்தில் நடக்கும் இந்த வகுப்புக்கு அழைத்துச் செல்வது அதற்காகத்தான்.

எட்டுப் பேரை இரண்டிரண்டாக நெருக்கி ஓடவிட்டு, உள்பக்கம் அடைபட்டவரை விசில் ஊதியதும் வெளியே வரச் சொல்வதுதான் முக்கியப் பயிற்சி. முதலில் எல்லோரும் பக்கத்தில் ஓடுபவரைத் தோளால் தள்ளத்தான் பார்ப்பார்கள். "தள்ளாத கண்ணு, அரை எட்டு பின்னால வா, வழி தன்னால தொறக்கும்" என்று பயிற்சியாளர் கூடவே ஓடிச் சொல்வார். அப்படியே வேகத்தைச் சற்றுத் தணித்து, வெளியே ஓடுபவரின் முதுகுக்குப் பின்னால் நழுவி வரும் பிள்ளையின் முகத்தில் தெரியும் தெளிவே இந்த வகுப்பின் தரத்துக்குச் சான்று. இரண்டாவது லேனில் ஒரு சுற்று முழுக்க ஓடினால் சுமார் ஏழு மீட்டர் கூடுதலாகும் என்பதால், எந்த இடத்தில் வெளியே வருவது என்பதையும் தளத்திலேயே நடத்திக் காட்டுகிறார்.

விதிகளையும் விட்டுவிடவில்லை. உடல் உரசுவது மட்டுமே குற்றமாகாது, இடித்து மற்றவரின் ஓட்டத்தைக் கெடுப்பதே குற்றம் என்பதை விளக்குகிறார். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் 10,000 மீட்டரில் மூன்றாவதாக வந்த நம் தமிழ்நாட்டு ஓட்ட வீரர் லட்சுமணன், ஓடுபாதையின் உட்கோட்டைத் தாண்டிக் கால் வைத்ததற்காக வெண்கலத்தை இழந்ததை அவர் சொன்னபோது, பிள்ளைகள் அசையாமல் கேட்டார்கள். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் அதே தூரத்தில் நடுவழியில் விழுந்த பின்லாந்தின் லாஸ்ஸே விரென், எழுந்து ஓடி உலகச் சாதனையுடன் தங்கம் வென்றதையும் சொல்லி, விழுந்தால் உடனே எழுவதற்கும் பழக்குகிறார்.

ஒரு குறை உண்டு. பன்னிரண்டு வயதுக் குழந்தைகளையும் கல்லூரி மாணவர்களையும் ஒரே கூட்டத்தில் ஓடவிடுவது சரியல்ல. உயர வேறுபாட்டால் பெரியவரின் முழங்கை சிறுவரின் முகத்துக்கு நேராக வருகிறது. நெருக்கி ஓடும்போது ஸ்பைக்ஸ் எனும் ஆணி வைத்த காலணி அணியவும் அனுமதிக்கிறார்கள். இவ்விரண்டையும் நேரில் சொல்லியிருக்கிறேன். அவை மாறும்வரை, பதினான்கு வயதுக்கு மேற்பட்டவர்களைச் சாதாரண ஓட்டக் காலணியுடன் அனுப்பலாம். கட்டணமும் கிராமத்துப் பெற்றோருக்குக் கட்டுப்படியாகும் அளவில்தான் இருக்கிறது.