இந்தியாவிலிருந்து தத்தெடுக்க ஒரு ஹோம் ஸ்டடி ஏஜென்சி: எங்கள் அனுபவம்

டல்லாஸ் வட்டாரத்தில் இருக்கிறோம். நானும் கணவரும் அமெரிக்கக் குடிமக்கள், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் ஓசிஐ அட்டை வைத்திருக்கிறோம். ஏழு வயதில் ஒரு மகள். மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன். இரண்டாவது குழந்தையை இந்தியாவிலிருந்து தத்தெடுப்பது என்று முடிவானதும் இங்குள்ள ஒரு ஹோம் ஸ்டடி ஏஜென்சிக்கு, அதாவது தத்தெடுக்கும் குடும்பத்தையும் வீட்டையும் விசாரித்து அறிக்கை எழுதித் தரும் ஏஜென்சிக்குப் போனோம். குறையும் சொல்லப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். ஐந்துக்கு நான்கு கொடுக்கலாம்.

அந்த நான்கில் பாதி, இலவசமாக நடத்திய முதல் சந்திப்புக்கே போய்விடும். தேன் தடவிப் பேசி ஃபாரத்தில் கையெழுத்து வாங்குவார்கள் என்று நினைத்துத்தான் போனோம். எங்களைச் சந்தித்த ஏஜென்சி அம்மாள் எடுத்த எடுப்பில் "கைக்குழந்தை என்று நினைத்து வந்திருக்கிறீர்களா?" என்றார். ஆமாம் என்றோம். எங்கள் இருவர் வயதையும் கூட்டச் சொன்னார். 87. இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தம்பதியின் கூட்டு வயது 85-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி. அந்தக் கதவு அங்கேயே சாத்திவிட்டது. இரண்டிலிருந்து நான்கு வயது வரை என்றால் வரம்பு 90.

அடுத்ததையும் மறைக்கவில்லை. 2015-ஆம் ஆண்டுச் சிறார் நீதிச் சட்டப்படி, தத்துக் கொடுக்கலாம் என்று அறிவிக்கப்பட்ட குழந்தைக்கு முதல் 60 நாள் இந்தியாவில் இருப்பவர்களையும் என்ஆர்ஐக்களையும்தான் பார்ப்பார்கள். அதற்குள் யாரும் அமையவில்லை என்றால்தான் நம் பக்கம் வரும். வெளிநாட்டுத் தத்தெடுப்பில் ஓசிஐக்கு முன்னுரிமை உண்டு, சரி. ஆனால் அந்த வரிசைக்கு வந்து சேர்வது பெரும்பாலும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள், பிரிக்கக் கூடாத உடன்பிறப்புகள், சிகிச்சை தேவைப்படுபவர்கள். காரில் திரும்பும்போது இருவரும் வாயே திறக்கவில்லை. ஆனாலும் பணம் கட்டும் முன்பே இதைச் சொன்னார்களே என்றுதான் அவர்களிடமே சேர்ந்தோம்.

இன்னொன்று. எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதி எச்1பி விசாவில் இருக்கிறார்கள். அவர்களும் போனார்கள். நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தப்படி குழந்தையை இங்கே அழைத்துவர ஐ-800 மனு போடுபவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், உங்களுக்கு இப்போது இது சரிவராது என்று சொல்லி, ஒரு டாலர் வாங்காமல் அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்த சோஷியல் வொர்க்கர் வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். அத்தை முகத்தில் அப்போதே பாதி இறுக்கம் போய்விட்டது. பூஜை அலமாரியில் காமாட்சி விளக்குக்குப் பக்கத்தில் கிடந்த தீப்பெட்டியை மேல் தட்டுக்கு மாற்றச் சொன்னார். ஃப்ரிட்ஜ் கதவில் இருக்கும் அத்தையின் இன்சுலினுக்குப் பூட்டுப் பெட்டி வேண்டும் என்றார். வெந்நீர்க் குழாயைத் திறந்து கையை நீட்டிப் பார்த்தார். வீடு பளபளவென்று இருக்கிறதா என்று அவர் பார்க்கவே இல்லை. முந்தின வாரம் முழுக்க நான் துடைத்ததெல்லாம் வீண்.

வீட்டில் நிரந்தரமாக வசிக்கும் பெரியவர்கள் எல்லோரையும் விசாரிப்பார்கள், கைரேகையும் எடுப்பார்கள். அத்தையிடம் பேச, மகனே மொழிபெயர்க்கக் கூடாது என்று ஃபோனில் ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்மணி. "நீங்கள் வடிவாச் சொல்லுங்கோ அம்மா, அவசரமில்லை" என்றதும் அத்தை மடை திறந்தார். "ஒடிசாவிலிருந்தோ மகாராஷ்டிராவிலிருந்தோ பிள்ளை வந்தால் நான் என்னம்மா பேசுவேன்? எனக்கு இந்திகூட வராதே" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தியக் குழந்தை என்றால் நம் தமிழ் பேசும் குழந்தை என்றே நாங்கள் மனதுக்குள் எழுதி வைத்திருந்தோம். அத்தையின் அந்தக் கேள்வியை சோஷியல் வொர்க்கர் அறிக்கையில் அப்படியே சேர்த்துக்கொண்டார்.

மருத்துவப் பட்டியலை நிரப்பச் சொன்ன இரவு லேசானதல்ல. உதட்டுப் பிளவு, வளைந்த பாதம், காது கேளாமை, தலசீமியா, எச்ஐவி என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஏற்போம், யோசிப்போம், முடியாது என மூன்று கட்டங்கள். கணவர் 'முடியாது' என்று டிக் போட்டதை அழித்து 'யோசிப்போம்' ஆக்குவார், நான் மறுபடி மாற்றுவேன். மறுநாள் ஃபோன் செய்து, உள்ளதை உள்ளபடி போடுங்கள், முடியாது என்பதற்காக யாரும் உங்களைக் கழித்துவிட மாட்டார்கள் என்றார்கள். ஒரு குழந்தைநல மருத்துவரோடு பேசவும் ஏற்பாடு செய்தார்கள்.

இனி குறைகள். ஹேக் விதிப்படி பெற்றோருக்குக் குறைந்தது 10 மணி நேரப் பயிற்சி கட்டாயம். இவர்களுடைய வீடியோக்கள் வெள்ளைக்காரக் குடும்பங்களுக்காகவே எடுத்தவை. பழுப்பு நிறப் பிள்ளைக்குத் தலை வாருவது எப்படி, தீபாவளி என்றால் என்ன! எங்களுக்கு வேண்டியது வேறு. "என்ன ஆளுங்க பிள்ளையோ, ஜாதகம் இருக்கா?" என்று ஊரிலிருந்து கேட்கும் பெரியப்பாவுக்கு என்ன பதில்? "எங்க ஊர் இல்லத்தில் ஒரு குழந்தை இருக்கு, நேரில் பார்த்துத் தூக்கிட்டுப் போ" என்னும் சித்தியை எப்படி நிறுத்துவது? அப்படி முன்கூட்டியே போய்ப் பார்ப்பது தத்தெடுப்பையே கெடுத்துவிடும். எந்தக் குழந்தை யாருக்கு என்பது தத்தெடுப்பைக் கவனிக்கும் இந்திய அரசின் காரா அமைப்பு டெல்லியில் இருக்கிறது, அதன் வழியாகத்தான் வர வேண்டும். இதைப் பற்றி ஒரு நிமிட வீடியோகூட இல்லை. கடைசியில் மகளின் பள்ளித் தோழியுடைய அம்மாவிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அவர் ஏற்கெனவே தத்தெடுத்தவர்.

கட்டணம்: ஹோம் ஸ்டடிக்கு 2,900 டாலர் என்றார்கள். குழந்தையை இணைத்துத் தருவது இன்னொரு மாநிலத்தில் இருக்கும், காரா அங்கீகரித்த வேறு ஏஜென்சி. எங்கள் அறிக்கையை அவர்கள் சரிபார்க்கத் தனிக் கட்டணம் என்பதைப் பில் வந்த பிறகுதான் சொன்னார்கள். தத்தெடுக்க எங்களுக்குத் தகுதி உண்டா என்று பார்க்கும் ஐ-800ஏ மனுவுக்கான 920 டாலர் அரசுக்குப் போவது, அதில் சண்டை இல்லை. தத்தெடுப்பு வரிச்சலுகை 2025-க்கு 17,280 டாலர் வரை உண்டு, ஆனால் வெளிநாட்டுத் தத்தெடுப்பு என்றால் அது முழுமையான பிறகே கேட்க முடியும் என்பதைத் தெளிவாக விளக்கினார்கள்.

சேர்வதாக இருந்தால் இரண்டு ஏஜென்சிகளின் கட்டணப் பட்டியலையும் ஒன்றாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 18 வயதுக்குப் பிறகு எந்தெந்த நாட்டில் இருந்தீர்களோ அந்தந்த நாட்டுப் போலீஸ் சான்றிதழையும் முதலிலேயே ஆரம்பித்துவிடுங்கள். எங்களுக்கு எல்லாம் முடிந்தும், நாங்கள் முன்பு வேலை பார்த்த சிங்கப்பூரின் சான்றிதழ்தான் கடைசிவரை இழுத்தது.