பெரியவர்களைக் கூட்டிப் போக ஒரு ஜெராக்ஸ் கடை
கோபி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடை, போனைத் தொடவே பயப்படும் பெரியவர்களைத் தாராளமாகக் கூட்டிப் போகலாம். எங்கள் அமுச்சிக்கு (அம்மாவின் அம்மா), மருத்துவ ரிப்போர்ட்டுகளை ஒரே இடத்தில் பார்க்க உதவும் அரசின் ஆபா (ABHA) கணக்கு தொடங்கி, அந்த 14 இலக்க எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, லேப் அனுப்பிய பிடிஎஃப் ரிப்போர்ட்டையும் ஏற்றிக் கொடுத்தார்கள். ஆபாவுக்கு அரசு காசு கேட்பதில்லை, கடைக்குக் கொடுப்பது அச்சுக்கும் உழைப்புக்கும்தான். ஓடிபி வந்ததும் கடைப் பெண் போனைப் பிடுங்கவில்லை, "நீங்களே படிச்சு அடிங்க அமுச்சி, போன்ல யாரு கேட்டாலும் இந்த நம்பரைச் சொல்லிப் போடாதீங்க" என்று பொறுமையாக நின்றார் பாருங்கள், அதற்கே முழு மதிப்பெண். ஆதாரில் இணைத்த சிம் கையோடு இருக்கட்டும், அது திருப்பூரில் பேரனிடம் இருந்தால் வீண் அலைச்சல்தான். உட்கார இடமில்லை. அப்புறம், அவர்கள் கம்ப்யூட்டரில் இறக்கிய ரிப்போர்ட்டை அழிக்கச் சொல்லி நாமே கேட்க வேண்டியிருக்கிறது, அது சரியில்லை.