10/22, மார்லின் 60, எம் அண்ட் பி 15-22: சில வருடங்கள் சுட்ட பிறகு

.22 எல்.ஆர். என்ற சிறிய தோட்டாவைச் சுடும், ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா சுட்டு அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள் வாங்க நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது, எது துல்லியமாகச் சுடும் என்பதைத்தான். ரூகர் 10/22, மார்லின் 60, ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் எம் அண்ட் பி 15-22 என மூன்றையும் ஒஹாயோவில் சில வருடங்களாக மாறி மாறிச் சுட்டு வருகிறேன். 50 யார்டில் மூன்றுமே என்னைவிட நன்றாகச் சுடும், அதனால் அந்தக் கேள்வி எனக்கு முக்கியமில்லாமல் போய்விட்டது. ரேஞ்சில் பாதி நேரம் தோட்டா நிரப்புவதில் போகிறது. வீட்டுக்கு வந்தால் கழற்றித் துடைக்க வேண்டும். இந்த இரண்டு வேலையும் எதில் எரிச்சல் தராமல் நடக்கிறதோ, அதுதான் அலமாரியிலிருந்து அடிக்கடி வெளியே வருகிறது.

என் விஷயத்தில் அது 10/22. 1964-இலிருந்து விற்பனையில் இருக்கும் ரைபிள். 10 தோட்டா பிடிக்கும் சுழல் மேகசின்தான் (தோட்டாக்களை நிரப்பி மாட்டும் பெட்டி) இதன் உயிர். உள்ளே ஒவ்வொரு தோட்டாவும் தனித்தனிக் குழியில் உட்காருவதால், ஒன்றின் விளிம்பு இன்னொன்றில் மாட்டிக்கொள்வதில்லை. மேகசின் அடியில் துருத்தாமல், நாம் பிடிக்கும் கட்டையோடு (ஸ்டாக்) சமமாக அடங்கிவிடும். குப்புறப் படுத்துச் சுடும்போதுதான் அந்த வசதி புரியும். குறை என்றால், கடைசித் தோட்டா போனதும், தோட்டாவைக் குழலுக்குள் தள்ளி அடைக்கும் போல்ட் பின்னால் நிற்காது. 'டிக்' என்று காலியாகத் தட்டிய பிறகுதான் தீர்ந்தது தெரியும்.

அந்த 'டிக்' விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. மொத்தமாக டப்பாவில் வரும் மலிவுத் தோட்டா ஒன்றை ஒரு காலத்தில் வாங்கிக்கொண்டிருந்தேன். டப்பாவுக்குச் சில தோட்டாக்களாவது வெடிக்காது. .22-வில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் சுற்றிப் பரவியிருக்க வேண்டும். அது ஒரு பக்கம் விட்டுப்போயிருந்தால், சுடும் ஊசி அங்கே அடித்தால் சத்தம் மட்டும்தான் வரும். அப்போது உடனே போல்ட்டை இழுக்காதீர்கள். குழலை இலக்கின் பக்கமே வைத்து 30 வினாடி காத்திருங்கள், தாமதமாகவும் வெடிக்கலாம். இந்த ரைபிள்கள் மூன்றும் தோட்டாவின் பின்தள்ளலிலேயே இயங்குபவை என்பதால் தோட்டாவின் வேகமும் முக்கியம். நொடிக்கு 1,235 அடி போகும் சி.சி.ஐ. மினி-மேக் போல்ட்டை நன்றாகத் தள்ளும். 1,070 அடி போகும் அவர்களுடைய ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி தோட்டா என் 10/22-வில் ஓடுகிறது, சத்தமும் குறைவு. எல்லா ரைபிளிலும் ஓடும் என்று நினைத்து மொத்தமாக வாங்கிவிடாதீர்கள்.

10/22-வைக் கழற்றுவது ஒருமுறை பழகிவிட்டால் சுலபம். கட்டையின் திருகைக் கழற்றி, சேஃப்டி பட்டனை இரண்டு பக்கமும் சேராமல் நடுவில் நிறுத்தினால்தான் உள்பகுதி மேலே எழும்பும். பட்டனை மறந்துவிட்டு இழுத்துக்கொண்டிருப்பவர்களை ரேஞ்சில் நிறையப் பார்க்கலாம். போல்ட் இருக்கும் உடல் பகுதியான ரிசீவரின் பின்புறம் மூடியிருப்பதால் பேரலுக்குள் (குழலுக்குள்) துடைக்கும் கம்பியை முன்பக்கமிருந்துதான் விட முடியும். அதில் குழல் வாயின் விளிம்பு தேயும் என்பதால், நான் பின்னாலிருந்து இழுக்கும் கயிறுதான் பயன்படுத்துகிறேன்.

அப்புறம் ட்ரிகர். கம்பெனியிலிருந்து வருவது கனமாக இருக்கும். ட்ரிகரைப் பிடித்திருக்கும் இரண்டு பின்களைத் தட்டி எடுத்து, ரூகரே விற்கும் பி.எக்ஸ். ட்ரிகரைப் பொருத்தினால் இழுவிசை 2.75 பவுண்டு அளவுக்கு இறங்கும், பெரிய வித்தியாசம். ஆனால் ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில் சி.எம்.பி. (சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் ப்ரோகிராம்) அமைப்பு .22 ரைபிள்களுக்கு நடத்தும் ரிம்ஃபயர் ஸ்போர்ட்டர் போட்டியில் ட்ரிகர் 3 பவுண்டுக்குக் குறையக் கூடாது, ரைபிள் ஏழரை பவுண்டைத் தாண்டக் கூடாது. அந்தப் பக்கம் போகும் எண்ணமிருந்தால் பர்ஸைக் கொஞ்சம் மூடி வையுங்கள்.

15-22 எங்கள் வீட்டில் என் மனைவியின் கைக்குப் போய்விட்டது. காரணம் எளிது: பின்கட்டையை நீட்டிக் குறைக்கலாம். 10/22-வின் கட்டை அவளுக்கு நீளம். 2009-இல் வந்த இதில் ரிசீவரே பாலிமர்தான், கையில் விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கும். சேஃப்டியும் மேகசின் பட்டனும் பெரிய தோட்டா சுடும் ஏ.ஆர்.15 ரைபிளில் இருக்கும் அதே இடத்தில் இருப்பதால், மலிவான தோட்டாவில் அந்தக் கைப்பழக்கத்தைக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. இரண்டு பின்களைத் தள்ளினால் பிரிந்துவிடும், துடைப்பதில் மூன்றிலும் இதுதான் முதலிடம். மேகசினில் பக்கவாட்டுக் குமிழைக் கீழே இழுத்து 25 தோட்டாவை நிரப்பலாம். ஒரேயடியாக இழுத்துக் கொட்டினால் விளிம்புகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும், கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். கலிஃபோர்னியா மாதிரி மாநிலங்களில் 10 தோட்டா மேகசின்தான் வாங்க முடியும்.

ஒரு முக்கியமான விஷயம், நம்மவர்கள் பலருக்குத் தெரிவதில்லை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்துச் சுடுவதும் இதில் சேரும். செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. நண்பர் கூப்பிட்டார் என்று கிளம்பும் முன் இதைச் சரிபார்த்துவிடுங்கள்.

மார்லின் 60-ஐ எனக்குப் பிடிக்கும், ஆனால் யாருக்கும் முதல் ரைபிளாகச் சொல்ல மாட்டேன். 1960-இலிருந்து வந்த மாடல். உள்ளே 16 பள்ளம் வெட்டிய பேரல், எதையும் மாற்றாமலே இலக்கில் தோட்டாக்களை அழகாக நெருக்கிச் சுடும். பேரலுக்கு அடியில் குழாய் மேகசின், பிந்தைய மாடல்களில் 14 தோட்டா. உள்குழாயை உருவி, வெளிக்குழாயின் துளையில் தோட்டாவை ஒவ்வொன்றாகப் போட வேண்டும். கை குழல் வாய்க்குப் பக்கத்திலேயே இருக்கும் என்பதால் போல்ட் திறந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்தாக வேண்டும். எல்லோரும் மேகசின் மாற்றி மறுபடி சுட ஆரம்பித்திருப்பார்கள், நாம் இன்னும் எண்ணிப் போட்டுக்கொண்டிருப்போம். நிதானமாகச் சுடும் மாலைக்குப் பரவாயில்லை, நேரம் வைத்துச் சுடும் பயிற்சிக்கு ஆகாது.

2020-இல் மார்லினை வைத்திருந்த ரெமிங்டன் திவாலானபோது அதை ரூகரே வாங்கிவிட்டது, மாடல் 60 தயாரிப்பும் அத்தோடு நின்றது. அதனால் பழையதாகத்தான் தேட வேண்டும். கிடைத்தால், விற்பவரிடம் கேட்டு இரண்டு திருகையும் கழற்றிக் கட்டையைப் பிரித்து, போல்ட்டை முன்னால் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கைப் பாருங்கள். மெல்லியது, கழற்றத் தெரியாதவர் கையில் பட்டால் நெளிந்திருக்கும். உள்குழாய் வளையாமல் தடையின்றி உள்ளே போய் வருகிறதா என்றும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் விலை பேசலாம்.